அணித் தேர்வு யார் கையில்?

2021 மே மாதம் சென்னையில் தடகளப் பயிற்சியாளர் ஒருவர் பாலியல் புகாரில் போக்சோ சட்டத்தில் கைதானார். ஒரு வீராங்கனை வாய்திறந்த பிறகே, முன்பு அவரிடம் பயின்றவர்களும் புகார் சொன்னார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர் லாரி நாசர் மீது 1997-லேயே முறையிட்டிருக்கிறார்கள்; கைது 2016-ல்தான். புகார் வெளியே வந்து பெயர் கெட்டால் பெற்றோர் பெண்களை மைதானத்துக்கே அனுப்பமாட்டார்கள் என்பது நிர்வாகங்களின் வாதம். நெல்லைச் சீமையில் அந்த அச்சம் மெய்தான். ஆனால் அம்பாசமுத்திரத்துப் பெண்ணுக்கு விளையாட்டு ஒதுக்கீடே கல்லூரிக்கும் வேலைக்கும் வழி என்றால், அணித் தேர்வைக் கையில் வைத்திருப்பவரை எதிர்த்து அவள் எப்படிப் பேசுவாள்? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் புகாருக்குத் தரும் அவகாசம் மூன்று மாதம். தகுந்த காரணமிருந்தால் இன்னொரு மூன்று மாதம். போட்டிகள் முடியட்டும் என்று காத்திருந்தாலே அது கரைந்துவிடும். நெல்லையின் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் அதன் கல்லூரிகளும் அணித் தேர்வுக் குழுவில் வெளியாட்களைச் சேர்க்கட்டும். வெளியூர் செல்லும் ஒவ்வொரு பெண்கள் அணியோடும் பெண் மேலாளர் ஒருவரை அனுப்பட்டும்.