கடுகளவு நீதிபதி

அரியலூர்ப் பக்கம் போகிறவர்கள் கரைவெட்டி ஏரியைப் பார்க்காமல் திரும்பக் கூடாது. 1999-ல் பறவைகள் சரணாலயமான அந்த ஏரி, 2024-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்துவிட்டது. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துக்களைக் காண நாமெல்லாம் போகிறோம். ஆனால், தண்ணீருக்குள்ளே நீர்த்தெள்ளு என்று ஒன்று உண்டே, அதை யார் பார்க்கிறார்கள்?

கடுகளவுப் பிராணி அது. தெள்ளுப் பூச்சியைப் போலத் துள்ளித் துள்ளி நீந்தும். கண்ணாடி போன்ற உடம்பு. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் இருதயம் துடிப்பது கூடத் தெரியும். பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிய வைக்கும். மீன் குஞ்சுக்கு இரையாகும். அந்த மீன்தான் பல பறவைகளுக்குச் சாப்பாடு.

"சாக்கடை நீரைச் சுத்தம் செய்துதானே ஆற்றில் விட வேண்டும் என்கிறார்கள், அப்புறம் என்ன கவலை?" என்று நீங்கள் கேட்கலாம். சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்பவை நுண்ணுயிர்கள். நாம் விழுங்கும் மாத்திரைகளில் பல அவற்றுக்குச் செரிப்பதில்லை. கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின் மிஞ்சிவிட்டால், அதுவும் கிருமியோடு நிற்காது. தண்ணீரோ பார்வைக்குப் பளிங்கு!

ஐதராபாத்துக்கு அருகே படான்செருவில், மருந்துத் தொழிற்சாலைக் கழிவைச் சுத்திகரித்து வெளியேற்றிய நீரை விஞ்ஞானிகள் சோதித்து, 2007-ல் முடிவை வெளியிட்டார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின்! மருந்து சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் கூட அவ்வளவு இராது.

நம் ஊர்ச் சாக்கடை அவ்வளவு மோசமில்லைதான். ஆனால் சிறிதளவு என்ன செய்யும் என்பதற்கு நீர்த்தெள்ளே நீதிபதி. சந்தேகமான நீரில் அதன் குஞ்சுகளை விட்டு, 48 மணி நேரத்தில் எத்தனை அசைவற்றுப் போகின்றன என்று எண்ணுவார்கள். இன்னொரு சோதனை 21 நாள். எத்தனை குஞ்சு ஈன்றது என்பது அதன் கணக்கு. சாகாமலே வமிசம் சுருங்குவது அதில் தெரிந்துவிடும். ஏரியில் அப்படி நடந்தால் செத்த மீன் மிதக்காது. பேப்பரில் சேதி வராது. பாசி ஏறும், மீன் குஞ்சு பட்டினி கிடக்கும்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஜில்லாவின் தண்ணீரையும் வாங்கிக்கொண்டு மருதையாறு கொள்ளிடத்துக்குப் போகிறது. டாக்டர் சொல்லாத மாத்திரையை நாம் விழுங்காமலிருந்தால், அந்த ஆற்றுக்கும் லாபம். சுத்திகரித்த நீர் எப்படி இருக்கிறது என்று நகராட்சியைக் கேட்கும்போது, "நீர்த்தெள்ளு பிழைத்ததா?" என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்களேன்!