கரிநெருப்பின் அருகே



அற்பமான ஒரு காரியம் பெருங்கோபத்தை எழுப்புவதை உங்கள் வீட்டில் கண்டிருக்கிறீர்களா? பெங்களூருவில் வாழும் ஒரு தகப்பனை எண்ணிப்பாருங்கள். தொலைக்காட்சியில் காவிரிப் பிரச்சனை பற்றிய செய்தி வருகிறது. உடனே அவர் முகம் வேறுபடுகிறது, கதவைத் தாழிடுகிறார். "தெருவிலே தமிழ் பேசாதே என்று எத்தனை தரம் சொன்னேன்!" என்று பிள்ளையின்மேல் கை ஓங்குகிறார். பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையொட்டி அந்நகரில் தமிழர்கள் தாக்கப்பட்டபோது, அவர் சிறுவன். விளக்கை அணைத்துவிட்டு ஒளிந்திருந்தவன். 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிக்கப்பட்டபோது அந்தப் பயம் மறுபடியும் வந்தது. இன்று தெருவில் கலவரம் இல்லை. ஆயினும் அவருடைய சரீரம் அந்த இரவுக்கே திரும்பிவிடுகிறது.

ஒரு சத்தம், ஒரு வாசனை, ஒரு வார்த்தை போதும். ஆறாத காயம் விழித்துக்கொள்ளும். மூளையில் அமிக்டலா என்னும் சிறு பகுதி உண்டு. நாம் நிதானித்துச் சிந்திக்குமுன்னே அது ஆபத்து என்று அறிவித்துவிடும். ஆகையால், இப்படிப்பட்ட யாவற்றையும் விசுவாசக் குறைவு என்றோ, பிசாசின் கிரியை என்றோ அவசரமாய்த் தீர்ப்புச் செய்யாதிருங்கள். அதே வேளையில், காயத்தைச் சாக்காக வைத்துப் பிள்ளையை அடிக்க நமக்கு உரிமை இல்லை. நம் காயத்துக்குப் பிள்ளைகள் விலை கொடுக்கலாகாது.

பேதுருவைப் பாருங்கள். பிரதான ஆசாரியனுடைய முற்றத்தில் கரிநெருப்பருகே குளிர்காய்ந்தபடியே ஆண்டவரை மறுதலித்தான் (யோவான் 18). இந்தக் கரிநெருப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. மற்றது யோவான் 21-ஆம் அதிகாரம். அங்கே உயிர்த்தெழுந்த ஆண்டவர் திபேரியா கடற்கரையில் கரிநெருப்பு மூட்டிக் காத்திருக்கிறார். அந்தப் புகையின் வாசனை பேதுருவுக்கு எதை நினைப்பூட்டியிருக்கும்! ஆண்டவரோ அவனைக் கடிந்துகொள்ளவில்லை. முதலாவது போஜனம் கொடுத்தார். பின்பு, மூன்று மறுதலிப்புக்கு எதிராக மூன்று முறை அன்பைக் குறித்துக் கேட்டார். காயம் உண்டானது போன்ற நெருப்பின் அருகேயே குணமாக்கினார்.

அன்பானவர்களே, நாம் செய்யவேண்டியது என்ன?

1. அடையாளம் காணுங்கள். நெஞ்சு படபடக்கிறதா? தாடை இறுகுகிறதா? "இந்தக் காரியத்துக்கு இவ்வளவு கோபம் தகுமா?" என்று உங்களையே கேளுங்கள். தகாது என்றால், அது பழைய காயத்தின் குரலாயிருக்கலாம். எதைக் கேட்டபோது அப்படியாயிற்று, எது நினைவில் வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். சில வாரங்களில் காரணம் தெளிவாகும்.

2. தாமதியுங்கள். ஒற்றை அறை வீடானாலும் மாடிப்படி வரைக்கும் போகலாம். மெதுவாய் மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாய் விடுங்கள். சரீரம் அடங்கியபின் பேசுங்கள்.

3. காயத்தைப் பெயர் சொல்லி ஜெபியுங்கள். "என் கோபத்தை எடுத்துப்போடும்" என்பதோடு நிறுத்தாமல், அந்த இரவை, அந்த வார்த்தையை ஆண்டவருடைய சமுகத்தில் வையுங்கள்.

4. வீட்டாரிடம் ஒப்புரவாகுங்கள். "கண்ணே, உன்மேல் தப்பில்லை, அப்பாவுக்குப் பழைய பயம் ஒன்று வந்துவிட்டது, மன்னித்துக்கொள்" என்று சொல்வதால் தகப்பனுடைய கனம் குறையாது.

5. உதவி தேடுங்கள். நித்திரையின்மை, கொடிய கனவுகள், தீராத பயம் தொடருமானால் மனநல மருத்துவரிடம் போவது அவிசுவாசமல்ல. பவுலின் பிரியமான லூக்காவும் வைத்தியனே. 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416. அதில் தமிழிலும் பேசலாம். ஆனால் வீட்டில் இப்போதே அடி உதை நடக்குமானால், அது ஆறவேண்டிய நினைவு அல்ல, தப்பவேண்டிய ஆபத்து. சகோதரிகளே, 181 என்ற எண்ணை அழையுங்கள். பொறுத்துக்கொள் என்று உங்களை யாரும் கட்டாயப்படுத்தலாகாது.

பேதுருவின் சரித்திரம் கடற்கரையில் முடியவில்லை. அப்போஸ்தலர் 4-இல் அதே அன்னா, அதே காய்பா முன்பாக நிறுத்தப்படுகிறான். அவர்கள் மாறவில்லை, பேதுரு மாறியிருந்தான். பரிசுத்த ஆவியினால் நிறைந்து, அஞ்சாமல் சாட்சி சொன்னான். நம்மை நடுங்கப்பண்ணுகிற செய்தி நாளைக்கும் வரலாம். ஆனால் அது நம்மை ஆளவேண்டியதில்லை.

ஜெபிப்போமா? அன்பின் ஆண்டவரே, என் பழைய காயத்தை நீர் அறிவீர். அது என் பிள்ளைகளின் காயமாகாதபடி என்னைக் குணமாக்கும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறேன், நல்ல பிதாவே. ஆமென்.