பாடகரின் நாவும் நம் செவியும்

சித் ஸ்ரீராம் தெலுங்கில் பாடினால் "நம் ஆள்" என்று மார்தட்டுகிறோம். அவரே தமிழில் பாடினால் "எவனோ அமெரிக்கன், தமிழைக் கடித்துத் துப்புகிறான்" என்கிறோம். ஐதராபாத்தில் பயிலும் நம்மிடையே இவ்விரு பேச்சும் ஒரே விடுதியில், ஏன், ஒரே வாயிலிருந்தே கிளம்பக் கேட்கலாம்!

அவர் கதை நாம் அறிந்ததே. சென்னையில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்தவர். தாயிடம் கருநாடக இசை பயின்றவர். 2013இல் 'கடல்' படத்தில் ரகுமான் அவரை அறிமுகம் செய்தார். 2018இல் 'கீத கோவிந்தம்' வந்ததும் தெலுங்கு நாடு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. இசையமைத்த கோபி சுந்தர் மலையாளி, பாடியவர் தமிழர், கொண்டாடியவர் தெலுங்கர்! சொற்களை விழுங்குகிறார், எல்லாப் பாட்டையும் ஒரே இழுப்பாய் இழுக்கிறார் என்ற குறையைத் தெலுங்கு நண்பர்களும் சொல்லத்தான் செய்கிறார்கள். சொல்லிவிட்டு, அடுத்த பாட்டையும் கேட்கிறார்கள்.

குறை கூறுவது குற்றமன்று. சொல் புரியாத பாட்டு பாதிப் பாட்டே. விசயநகரத்தில் பிறந்த பி. சுசீலா தெலுங்கர், சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதன்முதலில் பெற்றவர். 1968இல் வெளியான 'உயர்ந்த மனிதன்' படத்தில் பாடிய தமிழ்ப் பாட்டுக்கே அவ்விருது கிடைத்தது. நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் பிடித்திருந்தும், உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு வருமாறு மெல்லிசை மன்னர் சொல்லியனுப்பினாராம். இதைச் சொன்னவர் பாலுவேதான். திருத்திக்கொண்டு வந்தார். 1969இல் எம்.ஜி.ஆருக்கே பாடினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அன்று திருப்பி அனுப்பியவர் இசையமைப்பாளர். இன்று ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு சொல் சிதைந்தால், 'மறுபடி பாடு' என்று சொல்ல அங்கே இசையமைப்பாளர் இல்லையா, கவிஞர் இல்லையா? அவர்கள் ஏற்றுக்கொண்டு வெளியிட்ட பிழைக்குப் பாடகர் ஒருவரையே பிடித்து உலுக்குவது என்ன நியாயம்?

'ரெக்கேட்டோன்' இசையில் உலகை ஆட்டிவைக்கும் பேட் பன்னி போர்ட்டோ ரிக்கோக்காரர். அவர் பாடும் ஸ்பானியம் புரியவில்லை, முணுமுணுப்பாக இருக்கிறது என்று ஸ்பானியம் பேசுவோரிலேயே பலர் முகம் சுளித்தனர். சொல்லின் இறுதியில் 'ஸ்' ஒலியை விடுவதும், 'ர்' வரவேண்டிய இடத்தில் 'ல்' ஒலிப்பதும் அத்தீவு மக்களின் நடை. அவர் தம் ஊர்ப் பேச்சைப் பாட்டில் ஏற்றினார். 2022இல் அவர் வெளியிட்ட தொகுப்பு, முழுதும் ஸ்பானியத்தில் அமைந்தவற்றுள் கிராமியின் தலைசிறந்த தொகுப்புப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் தொகுப்பாயிற்று. சித் ஸ்ரீராமுக்கு இது முழுதும் பொருந்தாது என்பதை ஒப்புகிறேன். மதுரைப் பையனுக்குப் பின்னணி பாடும்போது மதுரைத் தமிழ்தான் வேண்டும். ஆயினும் கடல் கடந்து வளர்ந்த தமிழனின் நாவும் தமிழ் நாவே.

இவ்வளவு எழுதுவது ஒரு பாடகருக்காக வாதாட அன்று. அவருக்கு நம் தயவு தேவையில்லை! நம் மன்றத்தில் செகந்திராபாத்திலும் மல்காஜ்கிரியிலும் பிறந்து வளர்ந்த தமிழ் நண்பர்கள் இருக்கிறார்கள். பள்ளியில் தமிழ் படிக்க வாய்ப்பில்லாதவர்கள். வீட்டில் பேசும் தமிழில் தெலுங்கு கலக்கும், ழகரம் தடுமாறும். தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்கு வந்த நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பும், சித் ஸ்ரீராமைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பும் ஒன்றுதான். அவர் காதில் அது விழாது. இவர்கள் காதில் விழுகிறது. மேடைக்கு அழைத்தால் பின்வரிசைக்கு நழுவுகிறார்கள், நம்மிடமே ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். ஆனால் கொஞ்சம் நெருங்கிப் பழகினால், பாட்டியிடம் கேட்ட தாலாட்டைப் பாடிக் காட்டுவார்கள்.

அடுத்த பாட்டுப் போட்டிக்கு அவர்களிடம் நாமே சென்று பெயர் கேட்போம். உச்சரிப்பு பிழைத்தால் நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைக்கட்டும். போட்டி முடிந்தபின் யாரேனும் அருகமர்ந்து ழகரம் சொல்லிக்கொடுக்கட்டும். அவையில் மட்டும் சிரிப்பொலி கேட்க வேண்டாம்.