கான்டெஸாவுக்கு எது சொந்த எஞ்சின்?

பழைய காரின் முன்மூடியைத் திறந்து, அதற்குள் இன்றைய டர்போ எஞ்சினைப் பொருத்தும் வேலையை இந்தியாவில் தொடங்குகிறவர்கள் இரு தரப்பிலிருந்தும் கண்டனத்துக்கு ஆளாகிறார்கள். மரபுக் கார் ஆர்வலர்கள் அவர்களைச் சிதைப்பாளர்கள் என்கிறார்கள். சட்டம் குற்றவாளிகள் என்கிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. ஒரு காருக்குப் பிறவியிலேயே வாய்த்த எஞ்சின் ஒன்று உண்டு, அதை அகற்றினால் கார் தன் அடையாளத்தை இழந்துவிடும் என்பதே அது. இந்தியக் கார்களின் வரலாறு இந்த நம்பிக்கைக்கு அவ்வளவாக இடம் தருவதில்லை.

அம்பாசிடரை எடுத்துக்கொள்ளலாம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் உடலை, வங்காளத்தின் உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை வார்த்தெடுத்தது. அந்த உடலுக்குள் 1489 சிசி பிரிட்டிஷ் எஞ்சின் நெடுங்காலம் இருந்தது. டீசல் எஞ்சின் வந்தது. 1990-களில் ஜப்பானின் இசுசு வடிவமைத்த 1817 சிசி பெட்ரோல் எஞ்சின் ஐந்து கியர்ப்பெட்டியோடு வந்தது. பிரிட்டிஷ் உடலில் ஜப்பானிய எஞ்சினைப் பொருத்தியது எந்தத் தெருவோரப் பட்டறையும் அன்று. காரைத் தயாரித்த ஆலையே அதைச் செய்தது. அதை எவரும் சிதைப்பு என்று சொல்லவில்லை, மேம்பாடு என்றே விளம்பரப்படுத்தினார்கள்.

கான்டெஸாவின் கதை இன்னும் வேடிக்கையானது. பிரிட்டனில் வாக்ஸ்ஹால் நிறுவனம் கைவிட்ட வி.எக்ஸ். வரிசைக் காரின் வார்ப்புகளைக் கொண்டு உருவான அந்த அகன்ற, நீண்ட கார் 1984-இல் விற்பனைக்கு வந்தபோது, அம்பாசிடரின் அதே 1489 சிசி எஞ்சின்தான் அதன் முன்பகுதியில் அமர்ந்திருந்தது. கனமான அந்த உடலை இழுக்கச் சுமார் 50 குதிரைத்திறன். யானைக்குக் குதிரைக்குட்டியின் கால்களைப் பொருத்தியது போன்ற ஏற்பாடு. பின்னர் இசுசு எஞ்சின் வந்த பிறகே கான்டெஸா தன் தோற்றத்துக்கு ஏற்ற ஓட்டத்தைப் பெற்றது. டீசலில் டர்போ பொருத்திய வடிவத்தையும் ஆலையே பிற்காலத்தில் விற்றது. அப்படியானால் கான்டெஸாவின் சொந்த எஞ்சின் எது? முதலில் வந்ததா, சிறப்பாக ஓடியதா?

சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் 2000 இதே கேள்வியைத் தலைகீழாக எழுப்புகிறது. பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 கார் 1977-இல் ஐரோப்பாவின் ஆண்டின் சிறந்த கார் என்று பாராட்டப்பட்டது. அங்கே அதற்குள் 3.5 லிட்டர் வி-8 எஞ்சின் உறுமியது. சென்னைக்கு வந்த அதே உடலுக்குள் வைக்கப்பட்டதோ, பல பத்தாண்டுகளுக்கு முந்தைய வேன்கார்டு காரிலிருந்து வழிவந்த 1991 சிசி எஞ்சின். 1985-இல் வெளிவந்த அந்தக் கார் 1980-கள் முடிவதற்குள் நின்றுபோனது. அனுமதி, இறக்குமதிக் கட்டுப்பாடு, அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு ஆகியவை சேர்ந்து உருவாக்கிய ஒரு சமரசத்தை ‘அசல்’ என்று பெயரிட்டு வணங்குவதற்கு முன், அது யாருடைய அசல் என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை.

பாரம்பரியப் பாதுகாப்புக் கோட்பாட்டிலும் அசல்தன்மை ஒற்றைப் பொருள் கொண்டதாக இன்று கருதப்படுவதில்லை. 1994-இல் ஜப்பானின் நாரா நகரில் உருவான ஆவணம், அசல்தன்மையை அந்தந்தப் பண்பாட்டின் சூழலில் வைத்தே மதிப்பிட வேண்டும் என்றது. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு 2012-இல் ஏற்ற டூரின் சாசனம் பாதுகாத்தலையே முதன்மைப்படுத்துகிறது. ஆயினும், மாற்றம் தவிர்க்க இயலாதபோது அது மீட்டெடுக்கக்கூடியதாகவும் பதிவுசெய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்ற நெறியையும் வலியுறுத்துகிறது. எஞ்சின் மாற்றத்தை ஆதரிக்கிறவர்கள் நாராவை மட்டும் மேற்கோள் காட்டி, டூரினை மறந்துவிடுவது உண்டு. அது நேர்மையான வாசிப்பு ஆகாது.

இந்தியச் சட்டத்தின் நிலை தெளிவானது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் எந்த வாகனத்தையும் உரிமையாளர் மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டின் சட்டத் திருத்தம், விதியை மீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வரையறுத்தது. ஆனால் இதே 52-ஆம் பிரிவு ஒரு விலக்கையும் தருகிறது: வேறு வகை எரிபொருளில் இயங்குவதற்காக எஞ்சினை மாற்றலாம், அங்கீகரிக்கப்பட்ட மாற்றுக் கருவித்தொகுதி இருந்தால் போதும். இயற்கை எரிவாயுவும் மின்கலமும் இவ்வழியில்தான் பழைய கார்களுக்குள் நுழைகின்றன.

இதன் விளைவு விந்தையானது. அங்கீகாரம் பெற்ற மின்மோட்டார்த் தொகுதி கிடைத்தால், 1984 கான்டெஸாவின் எஞ்சின், கியர்ப்பெட்டி, எரிபொருள் தொட்டி அனைத்தையும் கழற்றி எறிந்துவிட்டுப் பல நூறு கிலோ மின்கலத்தை ஏற்றுவதற்குச் சட்டத்தில் வழி உண்டு. பெட்ரோல் எஞ்சினுக்குப் பதில் அதைவிடத் தூய்மையான இன்னொரு பெட்ரோல் எஞ்சினைப் பொருத்துவதற்கு வழி இல்லை. ஆகவே மாற்றத்தைச் சட்டம் அஞ்சவில்லை. சோதிக்கப்படாத மாற்றத்தையே அஞ்சுகிறது. அந்த அச்சம் நியாயமானது. ஆனால் சோதிப்பதற்கான வாயிலையே திறக்காமல், சோதிக்கப்படவில்லை என்று தண்டிப்பதில் நியாயம் குறைவு.

பிரிட்டனில் பல ஆண்டுகள் நடைமுறையில் இருந்த ஒரு மதிப்பெண் முறை இங்கு நினைவுகூரத் தக்கது. மாற்றியமைக்கப்பட்ட கார் தன் பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க 8 புள்ளிகள் பெற வேண்டும். மூல உடற்சட்டகத்துக்கு 5 புள்ளிகள். சஸ்பென்ஷன், அச்சுகள், கியர் அமைப்பு, ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. எஞ்சினுக்கு வெறும் 1. காரின் அடையாளம் அதன் எலும்புக்கூட்டில் இருக்கிறதே ஒழிய எஞ்சினில் இல்லை என்ற பொறியியல் பார்வை அது. சட்டகத்தை வெட்டினால் அங்கே தப்ப முடியாது. எஞ்சினை மாற்றினால் பெரிதாக எதுவும் குடிமுழுகிவிடுவதில்லை.

எலும்புக்கூட்டைப் பற்றிய இந்தக் கவலைதான் இந்திய ஆர்வலர்களிடம் குறைவாகக் காணப்படுகிறது. வேலையைத் தொடங்குகிற இளைஞர்கள் முதலில் எஞ்சினைத் தேடுகிறார்கள். டெல்லியின் மாயாபுரியிலோ சென்னையின் புதுப்பேட்டையிலோ ஒரு டர்போ எஞ்சினைப் பேரம் பேசி வாங்கி வந்து, பிறகு அதை எப்படி உள்ளே நுழைப்பது என்று யோசிக்கிறார்கள். இது தலைகீழான வரிசை. இன்றைய சிறிய டர்போ எஞ்சின்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களை இயக்குவதற்காகக் குறுக்குவாட்டில் அமரும்படி வடிவமைக்கப்பட்டவை. கான்டெஸாவும் அம்பாசிடரும் நெடுக்குவாட்டு எஞ்சினும் பின்சக்கர இயக்கமும் கொண்டவை. எனவே ஜீப் வகை வண்டிகளின் எஞ்சின்தான் பொருந்திவரும். மகிந்திரா தாரின் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின் அப்படிப்பட்டது. அதிலும் ஆயில் சம்ப் பழைய காரின் குறுக்குச்சட்டத்தில் இடிக்கலாம். இடித்தால் சம்ப்பைத்தான் மாற்றி வார்க்க வேண்டும். குறுக்குச்சட்டத்தை வெட்டிவிடுவது எளிது என்பதாலேயே பலர் அதை வெட்டுகிறார்கள். தனிச் சட்டகம் இல்லாமல், உடலே சட்டகமாக அமைந்த ஒரு காரில் அந்த வெட்டு என்ன செய்யும் என்பதை முதல் மோதல் வரை எவரும் அறிவதில்லை.

மின்னணுவியல் அடுத்த சிக்கல். பழைய எஞ்சினுக்குத் தேவைப்பட்டது காற்று, பெட்ரோல், தீப்பொறி. புதிய எஞ்சினின் கணினியோ சாவியின் ரகசியக் குறி, மின்னணு ஆக்சிலரேட்டர் மிதி, சக்கர வேக உணரி, ஆக்சிஜன் உணரி என்று பலவற்றின் குரலையும் எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. ஒன்று பேசாவிட்டாலும் ஆற்றலைக் குறைத்துக்கொண்டு முடங்கிவிடும். அதனால் விபத்தில் கைவிடப்பட்ட முழு வண்டியையும், அதன் உரிமைச் சான்றுகளோடு வாங்குவதே அறிவுடைமை. சான்றில்லா எஞ்சின் திருட்டு எஞ்சினாகவும் இருக்கக்கூடும்.

டர்போவின் வெப்பத்தையும் பலர் மறக்கிறார்கள். வெளியேறும் புகையின் விசையில் சுழன்று காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் அனுப்பும் கருவி அது. அதன் சுழல்பகுதி செந்தழலாகும் அளவுக்குச் சூடேறும். அமுக்கப்பட்ட காற்றைக் குளிர்விக்கத் தனியே ஒரு குளிர்விப்பான் வேண்டும். ரேடியேட்டருக்கு முன்னால் அதற்கு இடமும் காற்றோட்டமும் வேண்டும். பிரேக் எண்ணெய்க் குழாய்க்கு அருகில் டர்போ அமைந்துவிட்டால், எண்ணெய் கொதித்து மிதி தரையைத் தொடும் நாள் தொலைவில் இல்லை.

பிரேக்கைப் பற்றி இணையப் படங்களில் ஒருவரும் பேசுவதில்லை. பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகள். தாரின் எஞ்சின் தருவது 150 குதிரைத்திறன், பழையதைப் போல மூன்று மடங்கு. மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடிய கார் 120-இல் ஓடினால், நிறுத்துவதற்குக் கரைக்க வேண்டிய இயக்க ஆற்றல் ஒன்றரை மடங்கு அன்று, இரண்டேகால் மடங்கு. அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமாகப் பிரேக்கில்தான் இறங்க வேண்டும். எஞ்சின் வாங்குவதற்கு முன்பே முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பின்னச்சுக்கு வலிமை, உடலின் துரு நீக்கம் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்காத எவரும் இந்த வேலையைத் தொடங்கும் தகுதியை இன்னும் பெறவில்லை. கடுமையான சொல்தான். எதிரே வருகிற இருசக்கர வாகனக்காரரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கடுமை போதாது.

இங்குதான் முழுத்தடையின் உண்மையான தீங்கு வெளிப்படுகிறது. தடையால் இந்த மாற்றங்கள் நின்றுவிடவில்லை. மூடிய கதவுக்குள், நம்பிக்கைக்குரிய ஒரு மெக்கானிக்கின் கைத்திறனை மட்டும் நம்பி அவை நடக்கின்றன. அந்த மெக்கானிக் சிறந்த வெல்டராக இருக்கலாம். ஆனால் அவர் போட்ட வெல்டிங்கைச் சோதித்துக் கையொப்பமிட ஒரு பொறியாளர் கிடையாது. புனேயில் வாகன ஆய்வுச் சங்கம் இருக்கிறது. ஊர்தோறும் பொறியியல் கல்லூரிகளில் வாகனப் பொறியியல் துறைகள் இருக்கின்றன. தனி வாகனத்தைக் கட்டணம் பெற்றுச் சோதித்து, தேறியதைப் பதிவுசெய்து, தேறாததைத் திருப்பி அனுப்பும் முறையொன்றை உருவாக்க இவை போதுமானவை. எண்ணிக்கையில் இத்தகைய கார்கள் மிகக் குறைவு என்பதால் சுமையும் பெரிதன்று. தூய்மையைக் காரணம் காட்டுகிறவர்களிடம், வினையூக்கிப் புகைவடிப்பானையும் ஆக்சிஜன் உணரிகளையும் கழற்றாமல் கொண்டுவாருங்கள், புகையை அளந்து பார்ப்போம் என்று அந்த முறை கேட்கும். அவற்றைக் கழற்றிவிட்டுச் சுற்றுச்சூழல் பேசுகிறவர்களும் இருக்கவே செய்கிறார்கள்.

இதற்கு ஒரு வரம்பும் வேண்டும். எண்களும் எஞ்சினும் பொருந்தி, கைபடாமல் எஞ்சியிருக்கும் கார்கள் நாளுக்கு நாள் குறைந்துவருகின்றன. 1489 சிசி எஞ்சினோடு இன்றும் ஓடும் முதல் ஆண்டுக் கான்டெஸா, எவ்வளவு மந்தமானதாயினும், ஒரு பொருளாதாரக் காலகட்டத்தின் நேரடிச் சான்று. அதைத் தொடாமல் விடுவதே சரி. எஞ்சின் ஏற்கெனவே தொலைந்துபோன, உடல் மட்டும் நிற்கிற கார்கள் வேண்டிய அளவு உள்ளன. வேலையை அவற்றில் தொடங்கட்டும்.

2021 ஜூலையில் வந்த மத்திய விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவில் பேணப்பட்டு, சட்டகத்திலோ உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் காணாத கார்களே தொன்மை வாகனங்கள். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 1984-இல் பதிவான கான்டெஸாக்கள் 2034-இல் அந்த வாயிலுக்கு வந்து நிற்கும். முதலில் 1489 சிசி எஞ்சினோடு பதிவாகி, பின்னர் அதே ஆலை விற்ற இசுசு எஞ்சினைப் பொருத்திக்கொண்ட ஒரு கார் அந்த வரிசையில் நின்றால், மேசைக்கு அப்பால் இருக்கும் அலுவலர் ‘மூல வடிவம்’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் கொள்வார் என்பதை விதியை எழுதியவர்கள் இப்போதே வரையறுத்தாக வேண்டும்.