ஊர்ப் பெயரில் ‘பட்டி’யைக் காணோம்!

போன மாதம் சேலம் அத்தையிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ வந்தது. மகளின் கல்வி உதவித்தொகைக்காக ஆன்லைனில் விண்ணப்பித்த படிவத்தின் பிரின்ட். கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: “ஏன் கண்ணு, நீதான் எந்நேரமும் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கியே... எங்க ஊருல பாதியைக் காணோம். எங்க போச்சுன்னு பாத்துச் சொல்லு!”

ஏற்காடு மலையடிவாரத்துப் பக்கம் இருக்கும் அத்தையின் ஊர், கொண்டப்பநாயக்கன்பட்டி. பிரின்ட்டில் இருந்ததோ ‘கொண்டப்பநாயக்கன்’. அதை அடுத்து, கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. சான்றிதழில் முழு ஊர், படிவத்தில் அரை ஊர். “ரெண்டும் ஒத்துப்போகலையே” என்று கவுன்ட்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைசித் தேதிக்கு நான்கே நாள்!

பட்டி எங்கே போனது?

நாம் மொபைலில் தட்டும் பெயர், ஒரே புரோகிராமில் தங்கிவிடுவதில்லை. படிவம் வாங்கும் புரோகிராம், சேமிக்கும் புரோகிராமிடம் கொடுக்கும். அது பிரின்ட் எடுக்கும் புரோகிராமிடம் கொடுக்கும். ஒவ்வொன்றும் ‘எனக்கு இவ்வளவு நீளம்தான் வேண்டும்’ என்று ஓர் அளவு வைத்திருக்கும். டிபன் கேரியர் மாதிரி. மேல் அடுக்கில் இருப்பது கீழ் அடுக்கில் கொள்ளவில்லை என்றால் வழியத்தான் செய்யும்.

இதில் தமிழுக்கு ஒரு கூடுதல் சிக்கல். நம் கணக்கில் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு 13 எழுத்து. யூனிகோடு கணக்கில் 21. ‘கொ’ என்பது அதற்கு ‘க’ ஒன்று, கொம்பும் காலும் சேர்ந்த குறி ஒன்று. மெய்யெழுத்தின் புள்ளியும் தனி. இணையத்தில் பரவலாக இருக்கும் யூடிஎஃப்-8 முறையில் இந்த ஒவ்வொன்றுக்கும் 3 பைட் இடம் வேண்டும். ஆக மொத்தம் 63 பைட். இதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 20 பைட்தான்!

‘50’ என்று அளவு வைக்கும்போது அது எழுத்தா, பைட்டா என்பதில்தான் வில்லங்கம். மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸில் 50 என்றால் 50 எழுத்துக்குறி. ஆரக்கிளில் தனியாகச் சொல்லாவிட்டால் 50 பைட். நான் அத்தை ஊரின் பெயரை 50 பைட்டில் வெட்டிப் பார்த்தேன். 16 குறிகள் முழுதாக நின்றன: ‘கொண்டப்பநாயக்கன்’. மிச்சம் 2 பைட், அடுத்த ‘ப’வின் உடைந்த துண்டு. அதுதான் அந்தக் கேள்விக்குறி. அச்சு அசல் அதே பிழை!

எஸ்.எம்.எஸ்ஸிலும் இதே கதைதான். ஒரு மெசேஜுக்கு 140 பைட். ஆங்கிலத்தில் 160 எழுத்து அனுப்பலாம். தமிழில் 70 குறிகள்தான். அதற்கு மேல் போனால் இரண்டு மெசேஜாகக் கணக்காகும்.

அப்போ அளவே வேண்டாமா?

வேண்டும். 1988 நவம்பரில் அமெரிக்காவில் மோரிஸ் வோர்ம் என்ற புரோகிராம் ஆயிரக்கணக்கான கணினிகளை முடக்கியது. அது நுழைந்த வழிகளில் ஒன்று, 512 பைட் இடத்துக்குள் 536 பைட்டைத் திணித்தது. வருவதன் நீளத்தைச் சரிபார்க்காத புரோகிராம், திறந்து போட்ட வீடு.

அதனால் அளவு வைப்பது தப்பில்லை. சத்தமில்லாமல் வெட்டுவதுதான் தப்பு. ‘பெயர் நீளமாக இருக்கிறது’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால், அத்தைக்கு ஒரு நாள் கூலி போயிருக்காது.

நாம் என்ன செய்யலாம்?

* சமர்ப்பிக்கும் முன் ப்ரிவ்யூவில் பெயர், ஊரின் கடைசி எழுத்து வரை படியுங்கள்.
* முகவரிக்கு இரண்டு வரி இருந்தால், தெருவையும் ஊரையும் தனித்தனி வரியில் போடுங்கள்.
* எல்லா ஆவணத்திலும் ஒரே ஸ்பெல்லிங் இருக்கட்டும்.
* வெட்டுப்பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, திருத்தம் கேளுங்கள்.

அத்தையின் படிவத்தில் ‘திருத்து’ பட்டன் இருந்தது. சான்றிதழில் இருந்த ஆங்கில ஸ்பெல்லிங்கை அப்படியே போட்டோம். கடைசித் தேதிக்கு முதல் நாள் ஏற்றுக்கொள்ளப்பட்டது.

“நல்லது கண்ணு. ஆனா, நம்ம ஊர் பேரைத் தமிழ்ல எழுத இடம் பத்தலைங்கறது மட்டும் மனசுக்கு ஒப்பலை” என்றார் அத்தை.

எனக்கும்தான். உங்கள் பெயரோ ஊரோ இப்படி எங்கேயாவது வெட்டுப்பட்டிருக்கிறதா? கமென்ட்டில் சொல்லுங்கள். அங்கே இடம் நிறைய இருக்கிறது!