செங்கலுக்கும் வயசாயிடுச்சா?

ஆர்கன் ரிப்பேர் என்றதும் ஆஸ்பத்திரி, ஆபரேஷன் என்று பதறிவிடாதீர்கள். நான் சொல்வது வாசிக்கிற ஆர்கன். எலெக்ட்ரானிக் சமாசாரம்.

சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்பதை ஆபீஸ் கேன்டீனில் ஒரு நாள் உளறிவிட்டேன். அதன் பலன், 1996 டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தூங்க வேண்டிய நேரத்தில், பெரம்பூரில் ஒரு சின்ன சர்ச்சுக்குள் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக நின்றேன். அழைத்துப் போனவர் எங்கள் செக்ஷன் சூப்பரின்டெண்டென்ட். சர்ச் கமிட்டி செயலாளரும் அவரே. மறுக்க முடியுமா?

வழியிலேயே கேஸ் ஹிஸ்டரி சொல்லிவிட்டார்.

"ஆர்கன்ல ஒண்ணும் இல்லப்பா. வாசிக்கிற மாஸ்டருக்குத்தான் வயசாயிடுச்சு. எழுபத்திரண்டு. கால் நடுங்குது. சத்தம் திடீர்னு ஏறுது, திடீர்னு இறங்குது. போன மாசம் ஒரு கல்யாணத்துல, பொண்ணு உள்ளே வர்ற நேரம் பார்த்து அடங்கிப்போச்சு. கிறிஸ்துமஸோட ஒரு சால்வை போட்டு அனுப்பிடலாம்னு கமிட்டியில பேச்சு. நீ சும்மா ஒரு பார்வை பார்த்து, 'மெஷின் ஓ.கே.'ன்னு சொல்லிடு, போதும்."

ஆக, என்னைக் கூப்பிட்டது ரிப்பேருக்கு இல்லை. சர்டிஃபிகேட்டுக்கு!

இதில் கால் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். பியானோவில் ஓங்கி அடித்தால் ஓங்கிக் கேட்கும். இந்த ஆர்கனில் கட்டையைத் தடவினாலும் குத்தினாலும் ஒரே சத்தம்தான். கூட்டிக் குறைக்க வலது காலுக்குக் கீழே, கார் ஆக்ஸிலரேட்டர் மாதிரி ஒரு பெடல்.

மாஸ்டர் சலவைச் சட்டையில் காத்திருந்தார். செயலாளர் அந்தப் பக்கம் போனதும் மெதுவாகச் சொன்னார். "முப்பது வருஷமா வாசிக்கிறேன் தம்பி. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. என் கால்தானோ என்னவோ." அதற்குப் பிறகு சர்டிஃபிகேட் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

இந்த மாதிரிப் பழைய டிரான்ஸிஸ்டர் ஆர்கன்களில் ஒரு சௌகரியம். திறக்காமலே பாதி வியாதியைக் காதால் கண்டுபிடித்துவிடலாம். பன்னிரண்டு ஸ்வரத்துக்குப் பன்னிரண்டு ஆசிலேட்டர்கள் உச்ச ஸ்தாயியில் கத்திக்கொண்டிருக்கும். அதை இரண்டால் வகுத்து, மறுபடி இரண்டால் வகுத்துத்தான் கீழ் ஸ்தாயிகள் எல்லாம். ஒரே ஒரு கட்டை மட்டும் ஊமை என்றால் அதன் கான்டாக்டில் தூசு. ஒரு ஸ்வரம் எல்லா ஸ்தாயியிலும் காணோம் என்றால் ஆசிலேட்டர் அவுட். மேலே பேசுகிறது, குறிப்பிட்ட ஸ்தாயிக்குக் கீழே பேசவில்லை என்றால் வகுக்கிற சர்க்யூட் போச்சு. எதை வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் 'ங்ங்ங்' என்று வண்டு ரீங்காரம் செய்தால், பவர் சப்ளையில் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

இங்கே அத்தனை கட்டையும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கின. ஆகவே கோளாறு, எல்லா சத்தமும் ஒன்று சேர்ந்த பிறகு வருகிற இடத்தில். பெடல், ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர். ஸ்பீக்கர் ஒயர் லூஸ் என்றால் பட்டென்று போய்ப் பட்டென்று வரும். பெடலில் சாதா வால்யூம் கன்ட்ரோல் இருந்து தேய்ந்திருந்தால் கரகரக்கும். இதுவோ கரகரப்பே இல்லாமல், மெரினா அலை மாதிரி வழவழவென்று ஏறி இறங்கியது.

"பார்த்தியா? காலேதான்!" என்றார் சூப்பரின்டெண்டென்ட்.

வெளியே காம்பவுண்டு சுவருக்காக அடுக்கியிருந்ததில் ஒரு செங்கல் எடுத்து வந்தேன். மாஸ்டரின் காலைத் தூக்கி ஸ்டூல் கம்பி மேல் வைக்கச் சொல்லிவிட்டு, பெடல் மேல் செங்கலை வைத்தேன். கீழ் ஸ்தாயியில் ஒரு கார்டைப் பிடித்தார் மாஸ்டர். பத்து விநாடி. இருபது விநாடி. சூப்பரின்டெண்டென்ட் வாட்ச்சைப் பார்த்தார். முப்பதாவது விநாடியில் சத்தம் மெல்ல அமுங்கி, மறுபடி எழுந்தது.

'ஏன் சார், செங்கலுக்கும் வயசாயிடுச்சா?' என்று கேட்க வாயெடுத்தேன். இன்க்ரிமென்ட் ஞாபகம் வந்தது. கேட்கவில்லை.

மாஸ்டர் கேட்டுவிட்டார்.

பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சர்களில் மிச்சமிருக்கும் கரண்ட் இறங்க அவகாசம் கொடுத்துவிட்டு, பெடல் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வால்யூம் கன்ட்ரோலே இல்லை. டார்ச்லைட் பல்பு மாதிரி ஒரு குட்டி பல்பு. எதிரே எல்.டி.ஆர். என்கிற, வெளிச்சம் பட்டால் கரண்டைத் தாராளமாக விடும் ஒரு சமாசாரம். நடுவே பெடலோடு அசைகிற தகடு. காலை அழுத்தினால் தகடு விலகும், வெளிச்சம் கூடும், சத்தம் கூடும். தினமும் மிதிபடுகிற இடத்தில் கார்பன் தடம் வைத்தால் தேய்ந்துவிடும், வெளிச்சம் தேயாது என்று யோசித்திருக்கிறார்கள். புத்திசாலிகள்தான். பல்பு தேயுமே, அதை மறந்துவிட்டார்கள்.

கண்ணாடி உள்பக்கம் கறுத்திருந்தது. ஹோல்டரில் பச்சையாகக் களிம்பு. கீழ் ஸ்தாயி அதிரும்போதெல்லாம் பல்பு கான்டாக்ட் விட்டுச் சேர்ந்திருக்கிறது. எல்.டி.ஆர். இருட்டை உணரச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிற ஜாதி. அதனால்தான் சத்தம் பட்டென்று போகாமல், தளர்ந்த கால் மாதிரி நடித்திருக்கிறது.

மறுநாள் பல்பைக் கர்ச்சீப்பில் சுற்றிக்கொண்டு, அதே சூப்பரின்டெண்டென்ட்டிடம் ஒரு மணி நேரம் பர்மிஷன் வாங்கி, ரிச்சி தெருவுக்கு ஓடினேன். அதே வோல்ட், அதே சைஸ். நாலு ரூபாய். சாயங்காலம் ஹோல்டரை எமரி பேப்பரால் சுரண்டிவிட்டு மாட்டினேன். மாஸ்டர் பெடலை மெல்ல அமுக்கினார், மெல்ல விட்டார். சத்தம் அவர் சொன்னபடி கேட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

உற்சாகத்தில், "கட்டையைத் தொடும்போது 'டிக்'னு ஒரு சத்தம் வருதே, அதையும் எடுத்துடட்டுமா மாஸ்டர்?" என்றேன்.

"வேண்டாம் தம்பி, பழகிடுச்சு."

(சரியாகத்தான் சொன்னார். 1935-ல் வந்த ஹாமண்ட் ஆர்கனில் இந்த 'டிக்'கைக் குறை என்றுதான் செய்தவர்களே நினைத்தார்கள். ஜாஸ் ஆசாமிகளுக்கு அதுதான் பிடித்துப்போனது. இப்போதைய டிஜிட்டல் கீ போர்டுகளில் அதை வேலை மெனக்கெட்டு சேர்க்கிறார்கள்!)

கிறிஸ்துமஸுக்கு மாஸ்டருக்கு சால்வை போட்டார்கள். அனுப்பவில்லை. கமிட்டி கணக்கில் 'ஆர்கன் பல்பு - ரூ.4' என்று எழுதியிருந்ததாகக் கேள்வி. செங்கல் பற்றிக் குறிப்பு இல்லை.

ஜனவரியில் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். ஆர்கனுக்குப் பக்கத்தில் அந்தச் செங்கல், துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"இது இன்னும் எதுக்கு மாஸ்டர்?"

"இருக்கட்டும் தம்பி. அடுத்த வாரம் கமிட்டி மீட்டிங்."