தறியில் இருக்கும் சேலை தெருவுக்கு வரலாமா?

ஆரணிப் பட்டு என்றால் தெரியாதவர் யார்? கல்யாண வீடுகளில் அந்தப் பெயருக்குத் தனி மதிப்பு உண்டு.

ஆனால், புதுப் பூ ஒன்று பட்டில் விழுவது லேசான காரியம் அல்ல. முதலில் படம் வரைய வேண்டும். பிறகு அட்டையில் துளை குத்த வேண்டும். பூ வேலையில் ஓர் ஊடைக்கு ஓர் அட்டை! அவற்றைக் கோத்து ஜக்கார்டு பெட்டியில் மாட்டிய பிறகே நெசவு. இதற்குள் பணம் செலவாகிவிடும். ஒரு சேலைகூட விற்றிருக்காது.

அந்த நேரத்தில் ஒருவர் தறியில் இருக்கும் சேலையைச் செல்போனில் படம் பிடித்து உறவினருக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கெட்ட எண்ணம் இல்லை, பெருமைதான். ஆனால் படம் ஊர் சுற்றுகிறது. அதே பூ விசைத்தறியில் ஏறி, மலிவு விலையில் முந்திக்கொண்டு கடைக்கு வந்துவிடுகிறது. அசல் சேலை தேங்கினால் தறி நிற்கும். தறி நின்றால் கூலி ஏது?

சட்டம் காக்காதா?

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. அது ஊரின் பெயரைக் காக்கும்; பூவைக் காக்காது. பூவைக் காக்க 2000-ம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்தால் 10 ஆண்டு உரிமை. மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால், விண்ணப்பிக்கும் முன்பே ஊரறிந்துவிட்ட வடிவத்தைப் பதிய முடியாது. நம்பிக்கைத் துரோகத்தால் வெளிப்பட்டிருந்தால் விலக்கு உண்டு. அதை நிரூபிக்க அலைய வேண்டுமே!

சினிமாவுக்குப் பின்னணிக் குரல் கொடுப்பவர்களைப் பாருங்கள். படம் வெளிவரும் முன்பே அதன் முடிவு அவர்களுக்குத் தெரியும். வெளியே சொன்னால் அடுத்த படத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? தறிக்கும் அதே நியாயம்தான்.

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை

வாயை மூடச் சொல்பவர்கள் கையையும் திறக்க வேண்டும். புது வடிவத்துக்காகத் தறியை மாற்றும் நாட்களில் நெசவு நடக்காது. அந்த நாட்களுக்கும் கூலி கொடுங்கள். சேலை கடைக்கு வந்த பிறகு, "இது என் கையால் நெய்தது" என்று நெசவாளி சொல்லட்டும். அது அவருடைய உரிமை.

இன்னொன்று. மறைக்க வேண்டியது பூவைத்தான், கூலியை அல்ல. குறைந்த கூலியைப் பற்றிப் பேசுவதையும் "தொழில் ரகசியம்" என்று தடுப்பது அநியாயம்.

நெசவாளி நம்பிக்கையைக் காக்கட்டும். முதலாளி நெசவாளியைக் காக்கட்டும். இரண்டும் நடந்தால் ஆரணித் தறி ஓயாது.